நிலா கிடையாகத்தான் இருக்கிறது: பாடநூல் எழுதுவோருக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். காவிரிப் படுகையின் சிற்றூர்ப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பூமியின் சுழற்சியையும் நிலவின் பிறைகளையும் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் முறை பற்றி, அவற்றுக்குப் பாடம் எழுதும் குழுவினரிடமும் வகுப்பில் நின்று விளக்கும் ஆசிரியர்களிடமும் சொல்ல வேண்டியதை நெடுநாள் மனத்தில் வைத்திருந்தேன். அதை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று இம்மடலைத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். ஏழாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வளர்பிறையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்படி கேட்டிருந்த வினாவுக்கு, ஒரு மாணவன் பிறையைக் கிடையாக, இரு முனைகளும் வானத்தைப் பார்க்க, ஒரு தோணியைப் போல வரைந்திருந்தான். எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய விளக்கப்படத்தில் பிறை, எழுத்தில் நாம் இடும் அடைப்புக்குறி போல நிமிர்ந்து நின்றது. நானும் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்து காட்டியிருந்தேன். எனவே அவன் படத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடிட்டு, மதிப்பெண் இல்லை என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து, மாலையில் மிதிவண்டியை வாய்க்கால் மதகில் நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தபோது, மூன்றாம் பிறை தென்னை மட்டைகளுக்கு மேலே அவன் வரைந்தபடியே கிடையாக இருந்தது. அவன் வானத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். நான் சுவரைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் அவனிடம் தாளைத் திரும்ப வாங்கி மதிப்பெண்ணைச் சேர்த்தேன் என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் கண்ணை நான் இவ்வாறு நம்பாமல் போனேன் என்ற கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

பிறை நம் ஊரில் ஏன் கிடையாகத் தெரிகிறது என்பது நாம் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு ஏறக்குறைய 8 பாகை முதல் 13.5 பாகை வரையிலான வட அகலாங்குகளுக்குள் அடங்கியது. இங்கே கதிரவன் ஏறக்குறைய நேர்க்குத்தாகக் கீழிறங்கி மறைகிறது. அதைத் தொடர்ந்து நிலவும் கிட்டத்தட்ட அதே வழியில் இறங்குகிறது. அதனால் அந்தி வேளையில் கதிரவன் பிறைக்கு நேர் கீழே, தொடுவானுக்கு அடியில் இருக்கிறது. ஒளி கீழிருந்து விழுவதால் பிறையின் ஒளிரும் விளிம்பும் கீழ்ப்பக்கமே அமைகிறது. பங்குனியில் தோணி அனேகமாக நேராக மிதக்கும். ஐப்பசியில் அதே தோணி இடப்பக்கம் சாய்ந்து, அதன் ஒளிரும் விளிம்பு கீழே வலப்பக்கமாக இருக்கும். ஐரோப்பாவின் வட பகுதிகளில் கதிரவன் சரிவாக மறைவதால் ஆண்டின் பல மாதங்களில் பிறை அங்கே நிமிர்ந்து நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக யாரோ வரைந்த படம், பல கைகள் மாறிப் படியெடுக்கப்பட்டு நம் சுவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அரை நிலாவின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. வளர்பிறையில் நிலவின் வலப்பக்கம் ஒளிரும், தேய்பிறையில் இடப்பக்கம் ஒளிரும் என்று மனப்பாடம் செய்யவைக்கிறோம். பங்குனி மாத வளர்பிறை அட்டமியன்று மாலையில் வெளியே வந்து பாருங்கள். அரை நிலா நம் தலை உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதைப் பார்க்க வடக்கு நோக்கித் திரும்பும் பிள்ளைக்கு ஒளிரும் பக்கம் இடப்பக்கமாகத் தெரியும். வலம், இடம் என்பவை பார்ப்பவர் நிற்கும் திசையைப் பொறுத்தவை. நிலவுக்கு அவை தெரியாது. ஒளிரும் பக்கம் எப்போதும் கதிரவன் இருக்கும் பக்கத்தையே பார்க்கும் என்ற ஒரே விதியைக் கற்றுக்கொடுத்தால் போதும். அது தஞ்சாவூரிலும் பொருந்தும், லண்டனிலும் பொருந்தும், ஆண்டின் எந்த நாளிலும் பொருந்தும். அடுத்த பதிப்பில் வலம், இடம் என்ற சொற்களை அந்தப் பாடத்திலிருந்து நீக்கிவிடும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பாடத்தில் வரும் பெரிய வட்டப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் பூமி, அதைச் சுற்றி எட்டு நிலவுகள், ஒரு ஓரத்தில் கதிரவனின் கதிர்கள் என்று வரைகிறோம். அந்த ஒரே தாளில் இரண்டு பார்வைகள் கலந்திருக்கின்றன. வட துருவத்துக்கு மேலே மிக உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் காட்சி ஒன்று. பூமியில் நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்குத் தெரியும் காட்சி மற்றொன்று. பெரியவர்களாகிய நாம் பல முறை பார்த்துப் பழகியதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறோம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது எளிதன்று. மேலும், அந்தப் படத்தில் நிலவு பூமியை ஒட்டியே சுற்றுவதால், பூமியின் நிழல் நிலவின்மேல் விழாமல் எப்படித் தப்பும் என்று நினைக்கிற பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. பிறை என்பது பூமியின் நிழலால் வருவது என்ற தவறான எண்ணம் பட்டம் பெற்ற பெரியவர்களிடம்கூட நிலைத்திருப்பதற்கு அளவு விகிதம் பிழையான அந்தப் படமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இதற்கு நான் கண்ட மருந்து ஒரு கால்பந்தும் ஒரு பெரிய எலுமிச்சம்பழமும். பந்தின் குறுக்களவு 22 செ.மீ.; அது பூமி. பழம் 6 செ.மீ.; அது நிலவு. பூமியின் குறுக்களவு 12,742 கி.மீ., நிலவினுடையது 3,474 கி.மீ. என்பதால் இந்த விகிதம் சரியாகவே அமைகிறது. இப்போது நிலவை உரிய தொலைவில் வைக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னால், முதலில் ஒரு சாண் தள்ளி வைப்பார்கள். துணிந்தவர்கள் ஒரு முழம் தள்ளி வைப்பார்கள். உண்மையான தொலைவு 3,84,400 கி.மீ.; அதாவது பூமியைப் போல் முப்பது பந்துகளை வரிசையாக அடுக்கிய நீளம். நம் அளவில் அது 6.6 மீட்டர். எங்கள் வகுப்பறையில் பழத்தை ஏந்திய பிள்ளை ஒவ்வொரு முறையும் கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. கதிரவனை இதே அளவில் செய்தால், 24 மீட்டர் அகலமுள்ள ஓர் உருண்டையை இரண்டரை கி.மீ.க்கு அப்பால், பக்கத்து ஊரில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

பழம் தாழ்வாரத்தில் இருக்கும்போதே அடுத்த கேள்வியையும் கேட்டுவிடலாம். நிலவின் பாதை, பூமி கதிரவனைச் சுற்றும் தளத்திலிருந்து சுமார் 5 பாகை சாய்ந்தது. 6.6 மீட்டர் தொலைவில் அந்தச் சாய்வு, பழம் நடுமட்டத்திலிருந்து 60 செ.மீ. வரை மேலேயும் கீழேயும் போய் வருவதாகத் தெரியும். அந்தத் தொலைவில் பூமியின் முழுநிழலோ 16 செ.மீ. அகலம்தான். பழத்தை 60 செ.மீ. உயரத்தில் பிடித்து, நிழல் எங்கே விழும் என்று ஒரு குச்சியால் காட்டினால், பௌர்ணமிதோறும் கிரகணம் ஏன் வருவதில்லை என்பதைப் பிள்ளைகள் நாம் சொல்லாமலே சொல்வார்கள்.

கிரகணத்தையும் பிறையையும் பிரித்துக்காட்ட அண்மையில் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு 2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு வந்தது. அன்று இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு பூமியின் நிழல் நிலவைத் தொட்டது. பதினொரு மணியளவில் முழுவதும் மூடியது. ஒன்றரை மணிக்குள் விலகிவிட்டது. மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. தேய்பிறை தேய்வதற்கோ பதினைந்து நாள் ஆகிறது. இந்த ஒரு வேறுபாட்டை நேரில் கண்ட பிள்ளை இரண்டையும் இனி ஒன்றாக நினைக்க மாட்டாள். அதேபோல், அமாவாசையன்று நிலவு எங்கோ போய்விடுகிறது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு 2019 டிசம்பர் 26ஆம் நாளை நினைவூட்டலாம். அன்று காலை கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் கதிரவன் ஒரு வளையமாகத் தெரிந்தது. அந்த வளையத்தின் நடுவில் இருந்த கரிய வட்டம் அமாவாசை நிலவுதான். அமாவாசை என்ற சொல்லுக்கே ‘கூடி உறைதல்’ என்றுதான் பொருள். கதிரவனும் நிலவும் ஒரே திசையில் கூடியிருப்பதைப் பெயர் வைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கிரகண நாளில் பல வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. உரிய கண்ணாடியுடன் அவர்களை முற்றத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டும்.

இனி, என் முதன்மையான கோரிக்கைக்கு வருகிறேன். பிறைப் பாடத்தைத் திறப்பதற்கு முன்பு, பிள்ளைகள் ஒரு முழு மாதம் நிலவைப் பார்க்க வேண்டும். படமும் விளக்கமும் அதற்குப் பிறகே வர வேண்டும். பாடத்தின் முடிவில் ‘நீங்களும் உற்றுநோக்குக’ என்று ஒரு பெட்டிக்குள் போடுவது போதாது. முடிவில் இருப்பதைச் செய்ய எந்த வகுப்புக்கும் நேரம் இருப்பதில்லை என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். பாடம் எந்த மாதத்தில் வருகிறது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் அதை வைத்தால் பிள்ளைகள் மேகத்தைத்தான் பார்ப்பார்கள். பொங்கல் முடிந்து வரும் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்; இரவின் குளிர் மிகையாக இராது; தேர்வுகளின் நெருக்கடியும் தொடங்கியிராது.

செய்ய வேண்டியது மிக எளிது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தொடங்கி, நாள்தோறும் மாலை ஆறரை மணிக்கு ஒரே இடத்தில் நின்று, நிலவு எந்த வீட்டுக்கு மேலே, எந்த மரத்துக்கு மேலே நிற்கிறது, எந்தப் பக்கம் ஒளிர்கிறது என்று ஏட்டில் வரைய வேண்டும். நான்காம் பிறையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. அந்த நம்பிக்கையோடு சண்டைக்குப் போகாமல், அந்த ஒரு நாளைப் பிள்ளை விட்டுவிடட்டும் என்று நான் இருந்துவிடுவேன். ஐந்தாம் நாள் பார்த்தாலே நான்காம் நாள் எங்கே இருந்திருக்கும் என்று கணிக்க முடியும், அதுவும் ஒரு பயிற்சிதான். பத்து நாளில் பிள்ளைகள் இரண்டு செய்திகளைத் தாமே கண்டுவிடுவார்கள். ஒரே மாலையில் தொடர்ந்து பார்த்தால் நிலவு மேற்கே நகர்கிறது. நாளுக்கு நாள் ஒப்பிட்டால் அது கிழக்கே நகர்ந்திருக்கிறது. நிலா மேற்கே போகிறதா, கிழக்கே போகிறதா என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம் எழும். அந்த வாக்குவாதமே இந்தப் பாடத்தின் உயிர். மணிக்கு 15 பாகை மேற்கே போவதுபோல் தெரிவது, நாம் நிற்கும் பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் வருவது. நாளுக்குச் சுமார் 12 பாகை கிழக்கே விலகுவது, நிலவு உண்மையிலேயே பூமியைச் சுற்றி நகர்வதால் வருவது. சுழற்சியைப் புவியியலிலும் பிறைகளை அறிவியலிலும் வெவ்வேறு பருவங்களில் பிரித்து வைத்தால் இந்த முடிச்சு பிள்ளையின் கைக்கு வரவே வராது. இரண்டையும் ஒரே பாடமாக்குங்கள்.

நாளுக்கு 12 பாகை என்று சொன்னதும் என் நினைவுக்கு வருவது வீட்டுச் சுவரில் நாம் கிழிக்கும் நாள்காட்டி. அதில் துவிதியை, திருதியை, பஞ்சமி என்று அச்சிட்டிருக்கும் திதி, கதிரவனுக்கும் நிலவுக்கும் இடையே வானத்தில் உள்ள கோணத்தின் அளவு. 360 பாகையை 30 திதிகளாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 12 பாகை. வளர்பிறைப் பஞ்சமி முடியும் வேளையில் இரண்டுக்கும் இடையே 60 பாகை இருக்கும். அட்டமியின் நடுவில் 90 பாகை, அதனால்தான் அரை நிலா. கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மறையும் கதிரவனிலிருந்து நிலவு வரை எத்தனை முட்டி என்று பிள்ளைகள் அளந்து, நாள்காட்டியோடு ஒப்பிட்டபோது அவர்கள் அடைந்த வியப்பை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல நேரம் பார்ப்பதற்காக அன்றி, ஒரு கோணத்தின் பெயராகத் திதியைப் பாடநூலில் ஏற்றுக்கொள்வதில் அறிவியலுக்கு எந்த இழுக்கும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய அந்தியில் மொட்டைமாடியில் பிறை தேடும் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கோணம்தான் கதவைத் திறக்கிறது: இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் மாலையில் பிறை ஏன் கண்ணுக்கு அகப்படுவதில்லை என்பதை அவள் வகுப்புக்கே விளக்குவாள்.

இரவில் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது எனக்குத் தெரியும். நானும் அதைச் சொன்னவன்தான். ஆனால் நிலவு பாதி நாட்கள் பகலிலேயே கிடைக்கிறது. வளர்பிறைச் சப்தமி, அட்டமி நாட்களில் நண்பகலை ஒட்டி எழும் நிலவு, பள்ளி விடும் நேரத்தில் கிழக்கு வானில் வெளிறித் தெரியும். தேய்பிறைச் சஷ்டி முதல் தசமி வரை காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது மேற்கு வானில் நிற்கும். கொடிக்கம்பத்தைப் பார்த்து நிற்கும் நானூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரிகிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அப்படியொரு தேய்பிறைக் காலையில் செய்யத்தக்க ஒரு செயல் இருக்கிறது. என் 31 ஆண்டுகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் கற்கவில்லை. பிள்ளைகளைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, வெயில் முதுகில் படும்படி நிலவைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு சிறு வெள்ளைப் பந்தோ, சுண்ணாம்பு பூசிய எலுமிச்சம்பழமோ கையில் கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, வானத்து நிலவுக்குப் பக்கத்தில் அந்தப் பந்து தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்டுப் பந்தில் ஒளிரும் பகுதி, நிலவில் ஒளிரும் பகுதியின் அதே வடிவில், அதே சாய்வில் இருக்கும். நிலவு முக்கால் என்றால் பந்தும் முக்கால். நிலவு அரை என்றால் பந்தும் அரை. அங்கே பூமியின் நிழலுக்கு இடமே இல்லை என்பதையும், நிலவு ஓர் உருண்டை என்பதையும், பந்துக்கு ஒளி தரும் அதே கதிரவன்தான் நிலவுக்கும் ஒளி தருகிறது என்பதையும் அந்த ஒரு நொடியில் பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள். முதன்முறை இதைச் செய்தபோது ஒரு சிறுமி பந்தைக் கீழே இறக்காமல் வெகுநேரம் நின்றாள். மணி அடித்த பிறகும் நான் அவளை அழைக்கவில்லை.

சுழற்சியைக் கற்பிப்பதில் நமக்கு முதல் இடர்ப்பாடு சொல்லில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் பம்பரமும் சுற்றுகிறது, கோயிலையும் சுற்றுகிறோம். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, கதிரவனையும் சுற்றுகிறது என்று ஒரே சொல்லால் சொல்லும்போது பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. தன் அச்சில் திரும்புவதற்குச் சுழலுதல், மற்றொன்றைச் சூழ்ந்து போவதற்கு வலம்வருதல் என்று இரண்டு சொற்களைப் பாடம் முழுவதும் பிறழாமல் கையாண்டால் பாதிக் குழப்பம் தீரும். கோயில் பிரகாரத்தில் அங்கப்பிரதட்சிணம் செய்பவர் உருண்டுகொண்டே வலம்வருகிறார். பூமி செய்வதும் அதுதான் என்று நான் சொல்வதுண்டு. நிலவு எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுவதால் அது சுழல்வதே இல்லை என்று சில பிள்ளைகள் வாதிடுவார்கள். அவர்களுக்குச் செக்கு மாட்டை நினைவூட்டலாம். செக்கைச் சுற்றும் மாடு தன் ஒரு விலாவையே செக்குக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் அதன் முகம் நான்கு திசைகளையும் பார்த்துவிடுகிறது. அதாவது ஒரு முறை சுழன்றுவிடுகிறது. மரச்செக்குகள் அருகிவிட்ட ஊர்களில் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, மற்றொரு பிள்ளையை நடுவில் நிற்பவரையே பார்த்தபடி சுற்றிவரச் செய்தாலும் இது விளங்கும்.

பூமி சுழல்கிறது என்பதை நாம் அறிவித்துவிட்டுப் போகிறோம். அதைப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும் என்று காட்டுவதில்லை. 499ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், ஆரியபட்டர் ஓர் உவமை சொன்னார்: முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் அசையாது நிற்பவை பின்னோக்கிப் போவதுபோல், நிலையான விண்மீன்கள் மேற்கே போவதுபோல் தெரிகின்றன என்றார். படகு அறியாத பிள்ளைக்குத் தொடர்வண்டி இருக்கிறது. 1851இல் பூக்கோ என்பவர் பாரிஸில் 67 மீட்டர் கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, அடியில் பூமி சுழல்வதால் அது ஊசலாடும் தளம் மெல்லத் திரும்புவதுபோல் தெரிவதை மக்களுக்குக் காட்டினார். அங்கே ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம் ஆனது. சென்னையில் அதே ஊசல் முழுச் சுற்றுத் திரும்ப நான்கு நாளுக்கு மேல் ஆகும், கன்னியாகுமரியில் ஏழு நாள் ஆகும் என்பதால் பள்ளியில் அதைச் செய்து காட்டுவது கடினம்.

நம் மாநிலத்துக்குள்ளேயே செய்யக்கூடிய வேறொன்று இருக்கிறது. சென்னையில் ஒரு பள்ளியும் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியும் ஒரே நாளில் திறந்த வெளியில் ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நிழல் வடக்குத் தெற்குக் கோட்டைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை கண்டு அரண்மனைக்குக் கயிறு பிடித்ததை நெடுநல்வாடை பாடுகிறது. ஆகையால் இது நமக்குப் புதிய வேலை அன்று. கைபேசியில் பேசி ஒப்பிட்டால், ஆண்டின் எந்த நாளாயினும், கோயம்புத்தூரின் நண்பகல் சென்னைக்குச் சுமார் 13 நிமிடம் பிந்தி வருவதைக் காண்பார்கள். இரு ஊர்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக மட்டும் அளந்தால் சுமார் 360 கி.மீ. அந்தத் தொலைவைக் கடக்க நண்பகலுக்கு 13 நிமிடம் என்றால், நம் காலடி நிலம் மணிக்கு 1,600 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைப் பாடநூலில் அச்சிட்டுக் கொடுக்காதீர்கள். இரண்டு வகுப்புகள் தாமே வகுத்துக் கண்டறியட்டும்.

23 மணி 56 நிமிடம் 4 நொடி என்ற எண்ணையும் நாம் காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்யவைக்கிறோம். பிறகு ஒரு நாளுக்கு 24 மணி என்றும் சொல்கிறோம். மீதி நான்கு நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்ட பிள்ளைக்கு நான் பல ஆண்டுகள் சரியான விடை சொன்னதில்லை. ஒரு முறை சுழன்று முடிப்பதற்குள் பூமி கதிரவனைச் சுற்றி ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. கதிரவனை மீண்டும் நேரெதிரே காண இன்னும் ஒரு பாகை, அதாவது நான்கு நிமிடம், கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. நிலவு பூமியைச் சுற்ற 27.3 நாள் ஆக, ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள் ஆவதும் இதே காரணத்தால்தான். பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்து நிற்கும் கடிகார முட்கள் மறுபடி சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் சுமார் ஐந்து நிமிடம் ஆகிறதல்லவா, சிறிய முள்ளும் நகர்ந்துவிடுவதால்? ஒரு பழைய முள் கடிகாரத்தை வகுப்பில் சுழற்றிக் காட்டினால் இரண்டு புதிர்களும் ஒன்றாக அவிழும்.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான் 3 நிலவில் இறங்கியதை நாடெங்கும் பிள்ளைகள் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை. அந்த நேரத்தில் வெளியே வந்திருந்தால், இருள் சூழாத தெற்கு வானில் ஏறக்குறைய அரை நிலாவை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். இறங்கிய இடத்தில் கதிரவன் எழுந்து சில நாட்களே ஆகியிருந்தன. அடுத்த இருள் வருவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால்தான் அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலவில் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாளுக்கு மேல் நீள்கிறது. பிறையின் உள்விளிம்பாக நாம் இங்கிருந்து காணும் கோடு, அங்கே விடியலோ அந்தியோ நிகழ்ந்துகொண்டிருக்கும் இடம். திரையை அணைத்துவிட்டு அதைக் காட்டிய ஆசிரியர் யாரேனும் இருந்திருந்தால் அவருக்கு என் வணக்கம்.

தேர்வு மாறாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறைகள் தோன்றுவதன் காரணத்தை எழுதுக என்று கேட்கும்வரை பிள்ளைகள் ஐந்து வரியை மனப்பாடம் செய்துகொண்டுதான் இருப்பார்கள். அதற்கு மாறாக, நண்பகலில் எழுந்த நிலவு எந்த வடிவில் இருக்கும் என்று கேளுங்கள். நள்ளிரவில் கிழக்கே எழும் பிறையை ஒருவர் வளர்பிறை என்றால் அவருக்கு என்ன விடை சொல்வாய் என்று கேளுங்கள். கன்னியாகுமரியில் சித்திரைப் பௌர்ணமியன்று கதிரவன் மறையும் வேளையிலேயே எதிரில் நிலவு எழுவது ஏன் என்று கேளுங்கள். ஒரு மாதம் வானத்தைப் பார்த்த பிள்ளைக்கு இவை கடினமானவை அல்ல.

என் வீட்டு அலமாரியில் மாணவர்கள் வரைந்த நிலா ஏடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மழையில் மை கலைந்த பக்கங்களும், ‘இன்று மேகம்’ என்று மட்டும் எழுதிய பக்கங்களும் அவற்றில் உண்டு. அவற்றில் எந்தப் பிள்ளையும் மாலைப் பிறையை நிமிர்த்தி வரையவில்லை. பாடத்தைத் திருத்தி எழுதும்போது படம் வரைபவருக்கு அவை பயன்படும் என்றால், சொல்லுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்
தஞ்சாவூர் மாவட்டம்